அப்டேட்டை நிறுத்துவதா, தள்ளிப்போடுவதா? விண்டோஸ் 11 வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஐந்து வழிகள்

"விண்டோஸ் அப்டேட்டை நிரந்தரமாக நிறுத்துவது எப்படி?" என்று கேட்பவர்களிடம் முதலில் நான் திருப்பிக் கேட்பது, அப்டேட்டில் எது உங்களைப் படுத்துகிறது என்பதைத்தான். ஒருவருக்கு, மகளின் ஆன்லைன் தேர்வு தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. இன்னொருவருக்கு, போன் ஹாட்ஸ்பாட்டில் கிடைக்கும் ஒரு நாள் டேட்டா காலை பத்து மணிக்கே காலி. மூன்றாமவருக்கு, அப்டேட் முடிந்த மறுநாள் பிரிண்டர் அசையவே இல்லை. கேள்வி ஒன்றுதான், ஆனால் மூவருக்கும் ஒரே மருந்து சரிவராது.

காரணம் எளிது. அப்டேட் என்று நாம் சொல்வது மூன்று தனித்தனி வேலைகள்: டவுன்லோட், இன்ஸ்டால், ரீஸ்டார்ட். கீழே வரும் ஐந்து வழிகளில் சில இவற்றில் ஏதாவது ஒன்றை மட்டும் பிடித்து நிறுத்துகின்றன, சில எல்லாவற்றையும். தேர்வு நேரத்தில் மாட்டிக்கொண்டவர் டவுன்லோடைத் தடுத்து என்ன பயன்? டேட்டா தீர்ந்தவர் ரீஸ்டார்ட் நேரத்தை மாற்றி என்ன பயன்?

## என்னென்ன, எப்போது வருகிறது

மைக்ரோசாஃப்ட் 2003 அக்டோபரிலிருந்து பாதுகாப்பு அப்டேட்களை மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 மணி என்றால் நமக்கு இரவு 10.30, அங்கே குளிர்காலமானால் 11.30. ஆகவே நம் வீட்டு மெஷினில் அது தலைகாட்டுவது புதன்கிழமைதான். செவ்வாய்க்கிழமை நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்ற கவலையெல்லாம் அவர்களுக்கு இல்லை.

மாதக் கடைசி வாக்கில் 'ப்ரிவியூ' என்ற பெயரில் ஒன்று வரும். அது கட்டாயமில்லை, அடுத்த மாத அப்டேட்டின் வெள்ளோட்டம் அது. ஆண்டின் இரண்டாம் பாதியில் புதிய பதிப்பு வரும்: 24எச்2 பதிப்பு 2024 அக்டோபர் 1 அன்றும், 25எச்2 பதிப்பு 2025 செப்டம்பர் 30 அன்றும் வெளியாயின. இவை தவிர டிரைவர்கள் (பிரிண்டர் போன்ற கருவிகளை ஓட்டும் மென்பொருள்கள்), விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல்கள். குரோம் போன்ற பிரவுசர்கள் தங்களுக்கென்று தனி ஏற்பாடு வைத்திருக்கின்றன. விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தினாலும் குரோம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும், அது நல்லதும்கூட.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் பார்க்க வேண்டியது, விண்டோஸில் இருக்கும் பாதுகாப்பு ஓட்டை எத்தனை நாள் திறந்திருக்கும் என்பது. அதை அடைக்கும் பேட்ச் வெளியான நிமிடத்திலிருந்து, பழைய கோப்பையும் புதிய கோப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓட்டை எங்கே இருந்தது என்று தாக்குபவர்களுக்கும் தெரிந்துவிடும். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வானாகிரை வைரஸ் நல்ல உதாரணம். அது நுழைந்த வழியை அடைக்கும் பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்று வெளியிட்டது. தாக்குதல் மே 12 அன்று நடந்தது. நடுவில் 59 நாட்கள். ஒரு மாதம் தாமதமாகப் போட்டவர்கள்கூடத் தப்பித்தார்கள். போடாமலே விட்டவர்கள் மாட்டினார்கள்.

இரண்டாவது இதற்கு நேர் எதிரான பயம்: அப்டேட்டே கெடுதல் செய்வது. 2018 அக்டோபர் 2 அன்று வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு சிலருடைய டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களில் இருந்த கோப்புகளை அழித்துவிட்டது. சில நாட்களிலேயே அதை நிறுத்திவிட்டு, நவம்பர் 13 அன்றுதான் மறுபடி வெளியிட்டார்கள். முதல் வாரத்தில் அடிபட்டவர்கள் பெரும்பாலும் ஆர்வக்கோளாறில் 'செக் ஃபார் அப்டேட்ஸ்' பட்டனைத் தாங்களே அழுத்தியவர்கள். அந்த நேரத்தில் அந்தப் பட்டனை அழுத்துவது, எனக்கு இப்போதே கொடு என்று வரிசையில் முண்டியடிப்பதற்குச் சமமாக இருந்தது.

இந்த இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. மாத அப்டேட்டை ஏழு முதல் பத்து நாள் தள்ளி வைப்பது நியாயமான நடுவழி என்பது என் கணிப்பு. பெரிய கோளாறுகள் பெரும்பாலும் அதற்குள் வெளிவந்துவிடும். ஓட்டையும் அதிக நாள் திறந்து கிடக்காது.

மீதி இருப்பவை டேட்டா, வேலைக்கு நடுவே வரும் குறுக்கீடு, இதையெல்லாம் யார் ஞாபகம் வைத்துக்கொள்வது என்ற கேள்வி. கடைசியில் சொன்னதைத்தான் எல்லோரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். நீங்கள் சென்னையில் இருந்துகொண்டு ஊரில் அப்பாவின் கம்ப்யூட்டருக்கு ஏற்பாடு செய்கிறீர்கள் என்றால், மாதாமாதம் யாராவது ஒரு பட்டனை அழுத்த வேண்டிய வழி எதுவும் அங்கே நடக்காது. கீழே அட்டவணையில் வரும் ஹோம் என்பது விண்டோஸின் சாதாரண வீட்டு வகை, ப்ரோ என்பது கூடுதல் வசதிகளோடு விலை கூடிய வகை.

| வழி | எதைத் தடுக்கிறது | எவ்வளவு நாள் | ஹோம் பதிப்பில் உண்டா | மறைவான செலவு |
|---|---|---|---|---|
| ஆக்டிவ் ஹவர்ஸ் | ரீஸ்டார்ட் நேரத்தை மட்டும் | ஒரு நாளில் 18 மணி நேரம் வரை | உண்டு | இரவில் மெஷின் ஆனில் இருக்க வேண்டும் |
| பாஸ் | மூன்றையும் | 35 நாள் வரை | உண்டு | மாதாமாதம் ஞாபகம் வேண்டும் |
| மீட்டர்டு இணைப்பு | டவுன்லோடை | வரம்பு இல்லை | உண்டு | மறந்தே போகும். ஒன்டிரைவும் நிற்கும் |
| குரூப் பாலிசி | எதை வேண்டுமானாலும் | மாத அப்டேட் 30 நாள், 25எச்2 போன்ற புதிய பதிப்பு 365 நாள் | இல்லை, ப்ரோ வேண்டும் | ப்ரோவின் விலை |
| சர்வீஸை முடக்குவது | எல்லாவற்றையும் | நிலைக்காது | உண்டு | பாதுகாப்பு, ஸ்டோர், மொழிப்பொதி |

## 1. அப்டேட்டை விட்டுவிட்டு ரீஸ்டார்ட்டை மட்டும் கட்டுவது

செட்டிங்ஸில் 'விண்டோஸ் அப்டேட்', அதற்குள் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', அதற்குள் 'ஆக்டிவ் ஹவர்ஸ்'. மெஷினே உங்கள் பழக்கத்தைப் பார்த்து நேரத்தை முடிவு செய்யும்படி அது பொதுவாக இருக்கும். அதை 'மேனுவலி' என்று மாற்றி, காலை 6 முதல் இரவு 12 வரை என்று கொடுத்தால் அனுமதிக்கப்பட்ட 18 மணி நேரமும் ஆகிவிடும். அந்த நேரத்துக்குள் தானாக ரீஸ்டார்ட் ஆகாது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த ஏற்பாடு, இரவில் மெஷினை ஸ்லீப்பில் விட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்களை மனதில் வைத்துச் செய்தது. நம் வீடுகளில் ஷட் டவுன் செய்து, சுவரில் இருக்கும் சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தானே படுக்கிறோம்? மெஷின் அணைந்தே கிடந்தால் நள்ளிரவில் ரீஸ்டார்ட் எப்படி நடக்கும்? வேலை தேங்கி நின்று, ஒரு நாள் ஷட் டவுன் கொடுக்கும்போதோ, மறுநாள் காலை ஆன் செய்யும்போதோ வந்து உட்காரும். தேர்வு நாள் காலையில் வட்டம் சுற்றுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இதற்கு ஒரு சின்னப் பழக்கம் போதும். பவர் பட்டன் மெனுவில் 'அப்டேட் அண்ட் ரீஸ்டார்ட்' தெரிந்தால், அன்று இரவே அதைக் கொடுங்கள். சாப்பிட்டு வருவதற்குள் முடிந்துவிடும். டெஸ்க்டாப் முழுதாக வந்ததைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாக அணையுங்கள். பக்கத்திலேயே இருக்கும் 'அப்டேட் அண்ட் ஷட் டவுன்' இதைவிட வசதி என்று தோன்றும். ஆனால் அதைக் கொடுத்தால் மெஷின் அணையாமல் மறுபடி எழுந்து நிற்கும் கோளாறு விண்டோஸ் 11-இல் வெகுநாள் இருந்தது. 2025 அக்டோபர் கடைசியில் வந்த ப்ரிவியூவில்தான் அதைச் சரிசெய்தார்கள். யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப் என்றால், மின்தடை வரக்கூடிய நேரமாக இல்லாமல் பார்த்து அப்டேட்டைத் தொடங்குங்கள்.

அதே பக்கத்தில் இன்னும் இரண்டு சுவிட்சுகள் இருக்கின்றன. ரீஸ்டார்ட் தேவைப்படும்போது அறிவிப்புக் காட்டுவதை ஆன் செய்யுங்கள். 'கெட் மீ அப் டு டேட்' ஆஃபில் இருக்கட்டும். முன்பக்கத்தில் 'கெட் த லேட்டஸ்ட் அப்டேட்ஸ் ஆஸ் சூன் ஆஸ்…' என்று தொடங்கும் சுவிட்ச் ஒன்று உண்டு. அதை ஆன் செய்தால் மாதக் கடைசி வெள்ளோட்டங்களெல்லாம் உங்கள் மெஷினில் நடக்கும். அதுவும் ஆஃபிலேயே இருக்கட்டும்.

பிராட்பேண்ட் இருக்கும் வீட்டுக்கும், கம்ப்யூட்டர் பற்றி எதுவும் யோசிக்க விரும்பாத பெரியவர்களுக்கும் இந்த வழியே போதும். ஊரில் இருக்கும் அப்பாவின் மெஷினில் நான் இதைத்தான் வைப்பேன்.

## 2. பாஸ்: ஒரு வாரம் பொறு

விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே 'பாஸ் அப்டேட்ஸ்' இருக்கிறது. ஒரு வாரம், இரண்டு வாரம் என்று ஐந்து வாரம் வரை தேர்ந்தெடுக்கலாம். ஹோம் பதிப்புக்காரர்களுக்கு இந்த உரிமை 2019-இல் வந்த 1903 பதிப்பில்தான் கிடைத்தது. அதற்கு முன் ப்ரோ வைத்திருந்தவர்களுக்கு மட்டும்தான்.

ஐந்து வாரம் முடிந்ததும் மறுபடி பாஸ் செய்ய முடியாது. வந்தவற்றைப் போட்டுக்கொண்ட பிறகுதான் அடுத்த பாஸ் கிடைக்கும். பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு இது பெரிய நல்ல அம்சமாகப் படுகிறது. வானாகிரையின் 59 நாளை நினைத்துப் பாருங்கள்: 35 நாள் வரம்பு இருந்தால் எவ்வளவு சோம்பேறியாக இருந்தாலும் அதற்குள் பேட்ச் ஏறியிருக்கும்.

பயன்படுத்தும் முறை இப்படி: இரண்டாவது செவ்வாய்க்கு ஓரிரு நாள் முன்பு ஒரு வாரமோ இரண்டு வாரமோ பாஸ் கொடுங்கள். நடுவில் பெரிய புகார் எதுவும் காதில் விழவில்லை என்றால், வசதியான ஒரு ஞாயிற்றுக்கிழமை 'ரெஸ்யூம்' அழுத்திவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். மாத அப்டேட்கள் முந்தையதையும் சேர்த்தே வருபவை என்பதால், ஒன்றைத் தவறவிட்டாலும் அடுத்ததில் எல்லாம் அடங்கிவிடும்.

பாஸுக்கு ஒத்துவராத சூழ்நிலையும் உண்டு. 2021 ஜூலையில் பிரின்ட்நைட்மேர் என்ற ஓட்டையைப் பயன்படுத்தும் முறை, பேட்ச் வருவதற்கு முன்பே வெளியில் கசிந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் இரண்டாவது செவ்வாய்க்குக் காத்திராமல் ஜூலை 6 அன்றே பேட்ச் வெளியிடத் தொடங்கியது. இப்படி அட்டவணையை மீறி ஒரு அப்டேட் வருகிறது, செய்திகளிலும் அது அடிபடுகிறது என்றால் பாஸை உடனே எடுத்துவிடுங்கள்.

தேர்வு, திருமண ஆல்பம், வருமான வரிக் கணக்கு என்று கெடு வைத்து வேலை செய்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஞாபக மறதிக்காரர்களுக்கு இது பயன்படாது.

## 3. மீட்டர்டு இணைப்பு: டேட்டாவைக் காப்பாற்ற

வைஃபை இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸில் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்பதை ஆன் செய்தால், இந்த இணைப்பில் டேட்டாவுக்குக் காசு என்று விண்டோஸ் புரிந்துகொண்டு பெரிய டவுன்லோட்களைத் தள்ளிவைக்கும். முக்கியமான சில அப்டேட்கள் அப்போதும் இறங்கலாம். 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பக்கத்தில் மீட்டர்டு இணைப்பிலும் டவுன்லோட் செய்ய அனுமதிக்கும் சுவிட்ச் ஆஃபில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தினமும் இவ்வளவு ஜிபி என்று அளந்து கொடுக்கும் பிளானில், போனிலிருந்து நெட் எடுத்து லேப்டாப் ஓட்டுபவர்களுக்கு இது கட்டாயம். பாஸ் மட்டும் செய்தால் ஸ்டோர் செயலிகளும் ஒன்டிரைவும் டேட்டாவைத் தின்றுகொண்டிருக்கும். மீட்டர்டு அவற்றுக்கும் சேர்த்துக் கடிவாளம் போடுகிறது. ஆனால் போட்டோக்கள் ஒன்டிரைவில் ஏறிக்கொண்டிருக்கின்றன என்று நம்பிக்கொண்டிருப்பவருக்கு அதுவே ஆபத்து, ஏனென்றால் ஒன்டிரைவ் சத்தமில்லாமல் நின்றுபோயிருக்கும்.

இதில் எனக்குப் பிடிக்காதது, நாள் வரம்பு இல்லை என்பது. ஆறு மாதம் ஆனாலும் மெஷின் கேட்காது. வீட்டில் நல்ல பிராட்பேண்ட் இருந்தும், அப்டேட்டை ஏமாற்றுவதற்காக மட்டும் இதை ஆன் செய்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது, முதல் இரண்டு வழிகளில் ஒன்றுக்கு மாறுங்கள் என்பதுதான். உண்மையிலேயே டேட்டா பற்றாக்குறை உள்ளவர்கள், மாதம் ஒருமுறை நண்பர் வீட்டு வைஃபைக்கு லேப்டாப்பை எடுத்துப்போய் அப்டேட்டை முடித்துக்கொள்ளலாம். மீட்டர்டு என்ற அடையாளம் அந்தந்த வைஃபைக்குத் தனித்தனியானது. ஆகவே அங்கே எதையும் மாற்ற வேண்டியதில்லை.

டேட்டா விஷயத்தில் இன்னொரு இடம், 'டெலிவரி ஆப்டிமைசேஷன்'. அதில் இணையத்தில் இருக்கும் மற்ற கம்ப்யூட்டர்களோடு அப்டேட்டைப் பகிரும் தேர்வு இருந்தால், வீட்டு நெட்வொர்க்குக்குள் மட்டும் என்று மாற்றுங்கள். நம் டேட்டாவில் முகம் தெரியாதவருக்கு அப்டேட் அனுப்ப வேண்டிய அவசியம் நமக்கு என்ன?

## 4. ப்ரோவும் குரூப் பாலிசியும்

உங்களிடம் ஏற்கெனவே ப்ரோ பதிப்பு இருந்தால் மற்ற நான்கையும் மறந்துவிடலாம். அலுவலகத்துக்காக வாங்கிய பல லேப்டாப்களில் ப்ரோதான் இருக்கும். செட்டிங்ஸில் 'சிஸ்டம்', 'அபவுட்' என்று போனால் தெரியும். ஒன்று மட்டும்: அது கம்பெனி கொடுத்த லேப்டாப் என்றால் கை வைக்காதீர்கள்.

குரூப் பாலிசி என்பது விண்டோஸ் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நாம் விதி வைக்கும் இடம். ஸ்டார்ட் மெனுவில் 'எடிட் குரூப் பாலிசி' என்று தேடித் திறந்து, 'கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன்', 'அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ்', 'விண்டோஸ் காம்போனன்ட்ஸ்', 'விண்டோஸ் அப்டேட்' என்று இறங்குங்கள். அங்கே எனக்கு முக்கியமாகப் படுபவை மூன்று.

குவாலிட்டி அப்டேட், அதாவது மாத அப்டேட், எப்போது வர வேண்டும் என்ற பாலிசியில் 7 அல்லது 10 நாள் கொடுங்கள். 30 வரை அனுமதி உண்டு. பாஸுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். பாஸ் ஒருமுறை வேலை செய்துவிட்டு முடிந்துவிடும். இது ஒவ்வொரு அப்டேட்டையும் அது வெளியான நாளிலிருந்து பத்து நாள் நிறுத்திவைத்துப் பிறகு தானே விடும். ஒருமுறை அமைத்தால் போதும், யாரும் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது, புதிய பதிப்பைத் தள்ளிவைக்கும் பாலிசி. 365 நாள் வரை போகலாம் என்றாலும் மூன்று, நான்கு மாதம் போதும். மூன்றாவது, விண்டோஸ் அப்டேட்டோடு டிரைவர்கள் வர வேண்டாம் என்பது. பிரிண்டரோ வைஃபையோ கிராஃபிக்ஸ் கார்டோ அடிக்கடி கோளாறு செய்யும் மெஷினில் இதை முதலில் வையுங்கள்.

'கான்ஃபிகர் ஆட்டோமேட்டிக் அப்டேட்ஸ்' என்று இன்னொன்றும் இருக்கிறது. அதில் 2-ஐத் தேர்ந்தெடுத்தால் டவுன்லோட் செய்வதற்கு முன்பே உங்களைக் கேட்கும். கேட்கும்போதெல்லாம் 'அப்புறம்' என்று தள்ளுகிற ஆள் நீங்கள் என்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

செலவு என்ன? ஹோமிலிருந்து ப்ரோவுக்கு மாற அமெரிக்காவில் 99 டாலர். அப்டேட்டுக்காக மட்டும் அதைக் கொடுப்பது என் கணக்கில் வீண். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 'ஒரிஜினல் ப்ரோ கீ' என்ன வகை லைசென்ஸ் என்று விற்பவரே சொல்லமாட்டார், அதை விட்டுவிடுங்கள். இன்னொரு சின்ன விளைவும் உண்டு: பாலிசி அமைத்ததும், சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்று அப்டேட் பக்கத்தில் ஒரு வரி தோன்றும். வீட்டில் யாராவது அதைப் பார்த்து, யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று பதறுவதற்கு முன் சொல்லிவைத்துவிடுங்கள். பிரின்ட்நைட்மேர் போல அவசரமாக ஒன்று வந்தால், நீங்களே உள்ளே போய் நாள் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்க வேண்டியிருக்கும்.

## 5. சர்வீஸை முடக்குவது

யூடியூபில் அதிகம் பரிந்துரைக்கப்படுவது இதுதான்: சர்வீசஸ் (பின்னணியில் ஓடும் நிரல்கள்) பட்டியலில் 'விண்டோஸ் அப்டேட்' சர்வீஸை 'டிசேபிள்டு' ஆக்குவது, அல்லது அதையே ஒரே கிளிக்கில் செய்யும் 'பிளாக்கர்' செயலியைப் போடுவது.

முதலில், இது நிலைக்காது. முடக்கிய அப்டேட் சர்வீஸைச் சரிசெய்து எழுப்புவதற்கென்றே 'விண்டோஸ் அப்டேட் மெடிக் சர்வீஸ்' என்று ஒன்று விண்டோஸில் இருக்கிறது. நிலைத்தாலும் கஷ்டம்தான். அதே சர்வீஸை நம்பியிருக்கும் ஸ்டோர் செயலிகள் இறங்க மறுக்கும். விண்டோஸைத் தமிழில் பார்க்க மொழிப்பொதி இறக்கப்போனால் நடக்காது. பழைய கணக்கு மென்பொருள் ஏதாவது, தான் ஓடுவதற்கு டாட்நெட் 3.5 என்ற துணை மென்பொருளைக் கேட்டால் அதுவும் ஏறாது. அன்றைக்கு, இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சர்வீஸை முடக்கியது யாருக்கு ஞாபகம் இருக்கும்? கடைக்குத் தூக்கிக்கொண்டுபோய், ஃபார்மட் செய்ய வேண்டும் என்று சொன்னால் காசு கொடுத்துவிட்டு வருவோம். பிளாக்கர் செயலிகளில் கூடுதல் தலைவலி, முழு அட்மின் உரிமையோடு ஓடும் யாரோ ஒருவருடைய செயலியை நம்ப வேண்டும் என்பது.

இது சரியான தேர்வாக இருக்கும் இடம் ஒன்றுதான் எனக்குத் தெரிகிறது: இணையத்தோடு சேர்க்கவே சேர்க்காமல், ஏதோ ஒரு பழைய கருவியை ஓட்டுவதற்காக மட்டும் வைத்திருக்கும் மெஷின். இணையமே இல்லாத மெஷினுக்கு அப்டேட் எங்கிருந்து வரும் என்று கேட்டால், அதுவும் சரிதான்.

## விண்டோஸ் 10-இல் இருப்பவர்களுக்கு

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இஎஸ்யு என்ற நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். 30 டாலர் கட்டலாம், மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1000 கொடுக்கலாம், அல்லது செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் செய்யும்படி வைத்து இலவசமாகவே சேரலாம். அதில் சேராமல், அப்டேட்டை எப்படித் தள்ளிவைப்பது என்று யோசிப்பதில் அர்த்தமில்லை. தள்ளிவைக்க அங்கே எதுவும் வரப்போவதில்லை.

## எந்த வழியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

2024 ஜூலை மாதப் பாதுகாப்பு அப்டேட்டைப் போட்ட பிறகு சில கம்ப்யூட்டர்கள் டெஸ்க்டாப்புக்குப் போகாமல், நீலத்திரையில் பிட்லாக்கரின் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் வசதி) மீட்புச் சாவியைக் கேட்டன. 48 இலக்க எண் அது. விண்டோஸ் 11 ஹோம் லேப்டாப்கள் பலவற்றில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற பெயரில் இந்தப் பூட்டு தானாகவே போடப்பட்டிருக்கும். போட்டிருப்பதே பலருக்குத் தெரியாது. வேறொரு கம்ப்யூட்டரிலோ போனிலோ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பக்கத்தில் அந்தச் சாவி இருக்கிறதா என்று பாருங்கள். தாளில் எழுதி ரேஷன் கார்டு இருக்கும் ஃபைலில் வையுங்கள்.

அப்புறம், மாத அப்டேட் ஏதாவது சொதப்பினால் 'அப்டேட் ஹிஸ்டரி' பக்கத்தின் அடியில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' இருக்கிறது. முழுதாக ஏறிய புதிய பதிப்பு பிடிக்கவில்லை என்றால் 'சிஸ்டம்', 'ரெகவரி' பக்கத்தில் 'கோ பேக்' கிடைக்கும். ஆனால் அதற்குப் பத்து நாள்தான் அவகாசம். டிஸ்க்கில் இடம் வேண்டுமென்று, பழைய பதிப்பு இருக்கும் 'விண்டோஸ்.ஓல்டு' ஃபோல்டரை அதற்குள் அழித்துவிட்டால் அந்த வழியும் போச்சு.